ஒளியும் கருவியும்

நுழையும்முன்

நாளிதழை விரித்தவுடன் நம் கண் முதலில் சென்று தங்குவது பெரும்பாலும் ஒரு படத்தில்தான். அந்தப் படத்தை எடுத்தவர் நிகழ்விடத்தில் நின்றிருக்கிறார். வெயிலையோ மழையையோ இருட்டையோ எதிர்கொண்டிருக்கிறார். செய்தி ஒளிப்படக்கலைஞராக விரும்பும் மாணவர் முதலில் கேட்கும் வினா, “எந்தக் கேமரா வாங்கலாம்?” என்பதாகவே இருக்கிறது. அவ்வினாவுக்கு விடை தேடும் இப்பாடம், ஒளியிலிருந்து தொடங்குகிறது.

இருட்டறையில் ஒரு மின்னல்

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜேக்கப் ரீஸ், நியூயார்க் நகரின் காவல்துறைச் செய்தியாளர். சாளரமற்ற வாடகை அறைகளில் ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து உறங்குவதை இரவுதோறும் கண்டவர். அதை எழுதினார், படித்தவர்கள் வருந்தினர், பிறகு மறந்தனர். படமெடுத்துக் காட்டலாமென்றால் அந்த அறைகளில் ஒளியில்லை. 1887ஆம் ஆண்டு ஜெர்மனியில் மக்னீசிய ஒளித்தூள் கண்டறியப்பட்ட செய்தியை நாளிதழில் படித்ததும், தமக்குத் தேவையானது கிடைத்துவிட்டது என்று உணர்ந்தார்.

தொடக்கத்தில் அந்தத் தூளைத் துப்பாக்கி போன்ற கருவியில் வைத்து வெடித்தனர். நள்ளிரவில் துப்பாக்கியுடன் நுழைபவரைக் கண்டு மக்கள் அலறி ஓடியதால், ரீஸ் அதைக் கைவிட்டு ஒரு வாணலியில் தூளைக் கொட்டிப் பற்றவைத்தார். அவ்வாறு செய்கையில் இருமுறை வீட்டுக்கும் ஒருமுறை தமக்குமே தீ வைத்துக்கொண்டதாக அவரே எழுதியுள்ளார். 1890இல் அவருடைய நூல் வெளிவந்தது. நகரக் காவல் ஆணையர்களின் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், காவல் நிலையங்களை ஒட்டியிருந்த இழிநிலைத் தங்குமிடங்களை 1896இல் மூடச் செய்தார்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. ரீஸின் படங்களில் பலர் திகைத்து விழிக்கின்றனர். உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, கண்கூசும் வெளிச்சத்தில் அகப்பட்டவர்களின் முகங்கள் அவை. அவர்களிடம் அவர் இசைவு கேட்டாரா என்ற வினா இன்றும் எழுப்பப்படுகிறது. செய்தியாளர் கொண்டுசென்ற ஒளி உண்மையை வெளிக்கொணர்ந்தது. அந்த மனிதர்களின் இரவையும் கலைத்தது. ஒளியமைப்பைப் பற்றிய எந்தப் பேச்சிலும் இவ்விரண்டும் உடன்வரும்.

கருவியும் தொலைவும்

இந்தியாவின் முதல் பெண் செய்தி ஒளிப்படக்கலைஞர் ஹோமாய் வியாரவாலா. 1913இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்த அவர், புடவையுடுத்தித் தில்லித் தெருக்களில் மிதிவண்டியில் சென்று விடுதலைக் காலத்து நிகழ்வுகளைப் பதிவு செய்தார். அவர் பயன்படுத்திய கேமராக்களுள் ஒன்று ‘ஸ்பீட் கிராபிக்’. நான்குக்கு ஐந்து அங்குல அளவுள்ள தனித்தனிப் படலத்தாள்களை அதில் ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். ஃபிளாஷ் பல்பு ஒருமுறை எரிந்தால் முடிந்தது. அடுத்த படத்துக்கு வேறொரு பல்பைப் பொருத்த வேண்டும். எனவே, எந்த நொடியில் விசையை அழுத்துவது என்பதை முன்கூட்டியே கணித்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. நாட்டின் இரண்டாவது உயரிய குடிமை விருதான பத்ம விபூஷண் 2011இல் அவருக்கு வழங்கப்பட்டது.

மறுபுறம், திரைப்படச் சுருளையே படலமாகக் கொண்ட சிறிய ‘லைக்கா’ கேமரா 1925இல் ஜெர்மனியின் லைப்சிக் பொருட்காட்சியில் அறிமுகமானது. சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தக் கருவியால் கலைஞர் கூட்டத்துக்குள் கரைந்து நிற்க முடிந்தது. பிரான்சு நாட்டின் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன், கேமராவின் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மூடிக்கொண்டு நடமாடியவர், ஃபிளாஷை விரும்பாதவர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைச் சந்தித்துவிட்டு அவர் திரும்பிய சிறிது நேரத்தில் படுகொலை நிகழ்ந்தது. அன்றிரவு பிர்லா மாளிகை வாயிலில் நேரு அச்செய்தியை மக்களிடம் அறிவித்த காட்சியை, அங்கிருந்த விளக்கொளியைக் கொண்டே எடுத்தார். அந்தப் படம் மங்கலானது, அசைவு கலந்தது. ஆயினும் அந்த இரவின் கலக்கம் அதில் நிற்கிறது.

அதே காந்தியடிகளை 1946இல் ‘லைஃப்’ இதழுக்காகப் படமெடுக்கச் சென்ற மார்கரெட் பூர்க்-வைட்டுக்கு வேறுவகை அனுபவம் வாய்த்தது. இராட்டையில் நூற்கக் கற்றுக்கொண்ட பிறகே படமெடுக்கலாம் என்று ஆசிரமத்தார் கூறினர். காந்தியடிகளுக்குக் கடும் வெளிச்சம் பிடிக்காது என்பதால் மூன்றே மூன்று ஃபிளாஷ் பல்புகளுக்கு இசைவு கிடைத்தது. முதலிரண்டு முயற்சிகள் வீணாயின. மூன்றாவது பல்பில் படம் கிடைத்தது. மூன்று பல்புகள் என்னும் அந்த வரம்பை ஒரு தடையாக நான் கருதவில்லை. படமெடுக்கப்படுபவர் தம் கண்களுக்கு வகுத்துக்கொண்ட உரிமை அது.

முதற்பணம் லென்ஸுக்கே

இனி, நம் மாணவரின் வினாவுக்கு வருவோம். கையில் இருப்பது சிறு சேமிப்பு. விளம்பரங்கள் மெகாபிக்சல் எண்ணிக்கையை முன்வைக்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளிதழ்ப் பக்கத்தின் முழு அகலம் ஏறத்தாழ 13 அங்குலம். அங்குலத்துக்கு 200 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் 2600 புள்ளிகள் போதும். 12 மெகாபிக்சல் கேமராவின் படமே 4000 புள்ளி அகலமுடையது. ஆகவே, பத்தாண்டுகளுக்கு முந்தைய கேமராவும் அச்சுத் தேவையைத் தாண்டி நிற்கிறது.

பற்றாக்குறை வேறிடத்தில் இருக்கிறது. கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. லென்ஸை முழுவதும் நீட்டினால், அதன் துளை எஃப்/5.6க்கு மேல் திறவாது. பெரும்பாலான நிறுவனங்களின் விலைப்பட்டியலில் மலிவான லென்ஸ்களுள் ஒன்றாக இருக்கும் 50 மி.மீ. லென்ஸோ எஃப்/1.8 வரை திறக்கும். எண் சிறிதானால் துளை பெரிது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ளே புகும் ஒளி ஏறத்தாழ பத்து மடங்கு வேறுபடுகிறது. மாலை நேரக் கிராமசபைக் கூட்டத்தில் முதல் லென்ஸ் 1/13 நொடி கேட்கும் இடத்தில், இரண்டாவது லென்ஸ் 1/125 நொடியில் முடித்துவிடும். முன்னதில் பேசுபவரின் கையும் வாயும் கலங்கித் தெரியும். பின்னதில் உறைந்து நிற்கும். விலையுயர்ந்த கேமரா உடலால் தர இயலாத வேறுபாட்டை ஒரு சிறு லென்ஸ் தருகிறது.

கேமரா உடல் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல லென்ஸ் அடுத்த கேமராவிலும் உழைக்கும். எனவே உடலைப் பழையதாகவும் லென்ஸைத் தேர்ந்தும் வாங்குவதே அறிவுடைமை. பலர் கண்ணாடியற்ற ‘மிரர்லெஸ்’ வகைக்கு மாறிவருவதால், பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றின் மின்கலம் நீண்டநேரம் தாங்கும். ஓசையின்றிப் படமெடுக்கும் வசதி மிரர்லெஸ் வகைக்கு உண்டு. துயர வீட்டிலும் வழிபாட்டிடத்திலும் அது பெரும் வாய்ப்பு. பழைய கருவியை வாங்குமுன், ஷட்டர் எத்தனைமுறை இயங்கியுள்ளது எனக் கேட்டறிய வேண்டும். லென்ஸின் ஒருபுறம் கைவிளக்கை அடித்து மறுபுறமிருந்து நோக்கினால், சிலந்திவலை போன்ற பூஞ்சை இருந்தால் தெரிந்துவிடும். பூஞ்சை படர்ந்த லென்ஸ் எவ்வளவு மலிவாயினும் வேண்டா.

இதழ்களில் பணியாற்றுவோர் பலரும் 24–70, 70–200 மி.மீ. என்னும் இரு லென்ஸ்களைச் சுமந்து திரிகின்றனர். இரண்டும் எஃப்/2.8. விலை மாணவருக்கு எட்டாதது. பின்னதன் எடையும் ஒன்றரைக் கிலோகிராம் அளவில் இருக்கும். விளையாட்டுத் திடலுக்கு அது இன்றியமையாதது. மற்ற இடங்களில், தொலைவிலிருந்து எடுக்கலாம் என்ற வசதியே பழக்கமாகி, மக்களிடம் பேசாமலே திரும்பும் சோம்பலை அது வளர்த்துவிடுவதும் உண்டு. 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் அருகில் சென்றாக வேண்டும். அருகில் செல்பவர் பெயர் கேட்பார், ஊர் கேட்பார். படத்துக்குக் கீழே எழுத வேண்டிய செய்தியும் அங்கேயே கிடைத்துவிடும்.

இருக்கும் ஒளி

துளை, ஷட்டர் வேகம், உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண் ஆகிய மூன்றையும் கொண்டே படத்தின் வெளிச்சம் அளக்கப்படுகிறது. நடப்பவருக்கு 1/250 நொடி போதும். கபடி வீரருக்கு 1/500 தேவை. சீறிவரும் காளைக்கு 1/1000 வேண்டும். ஒளி போதவில்லையெனில் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தத் தயங்கக் கூடாது. புள்ளிபுள்ளியாகத் தெரியும் படத்தை ஆசிரியர் ஏற்பார்; கலங்கிய முகத்தை ஏற்பது அரிது.

நண்பகல் வெயில் நம் நிலத்தின் பெருஞ்சிக்கல். தலைக்கு நேர்மேலே கதிரவன் நிற்க, கண்குழிகளில் கரிய நிழல் விழும். அந்நேரத்தில் திண்ணையின் விளிம்பு, மரத்தடி, தேநீர்க்கடையின் கூரைமுனை ஆகியவற்றை நாட வேண்டும். அங்கு நிழலில் நிற்பவரின் முகத்தில் எதிர்த்தரையிலிருந்து மென்மையான ஒளி படும். தூத்துக்குடி உப்பளங்களிலோ நிலைமை வேறு. தரையே ஒளித்தட்டாகி, கீழிருந்து முகத்தை விளக்குகிறது. ஆனால் கேமராவின் ஒளிமானி அந்த வெண்மையைக் கண்டு ஏமாந்து, காட்சி முழுவதையும் இருட்டாக்கிவிடும். அங்கே ஒரு படி அல்லது அதற்கும் கூடுதலாக ஒளியைச் சேர்த்தே எடுக்க வேண்டும். இல்லையேல் உப்புக்குவியல் சாம்பல் நிறமாகவும் தொழிலாளியின் முகம் கரிய நிழலாகவும் பதிவாகும். அவருடைய உழைப்பைக் காட்டச் சென்றவர் அவருடைய முகத்தையே அழித்துவிட்டுத் திரும்புவார்.

தெரிந்து தெளிவோம்

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. எனவே பழைய வகைக் குழல் விளக்குகளும் சில எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. நம் கண் அதை உணர்வதில்லை. 1/500 போன்ற வேகத்தில் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் அமையும்; பட்டைபட்டையாகக் கோடுகளும் விழலாம். 1/100 அல்லது 1/50 நொடியில் எடுத்தால் ஒரு முழுத் துடிப்பு உள்ளடங்குவதால் இச்சிக்கல் தோன்றாது.

கொண்டுசெல்லும் ஒளி

ஃபிளாஷ் ஒளி தொலைவு இரட்டித்தால் கால்பங்காகக் குறையும். இரண்டு மீட்டரில் நிற்பவருக்குச் சரியான ஒளி, நான்கு மீட்டரில் நிற்பவருக்கு நான்கிலொரு பங்கே எட்டும். விழாப் படங்களில் முன்வரிசை வெளுத்தும் பின்வரிசை இருண்டும் கிடப்பதன் காரணம் இதுவே. ஃபிளாஷின் தலையைத் திருப்பி வெள்ளைக் கூரையில் மோதவிட்டால், ஒளி பரவி இறங்கும். நம் ஊர் மண்டபங்களில் சுவரெல்லாம் பச்சையும் இளஞ்சிவப்புமாகப் பூசியிருப்பர். அங்கு மோதவிட்டால் முகங்களும் அந்த நிறத்தையே ஏற்கும். அப்போது ஒரு வெள்ளை அட்டையை ஃபிளாஷின் பின்னே பொருத்திக்கொள்வது எளிய மாற்று. எனவே, திருப்பக்கூடிய தலையுடைய தனி ஃபிளாஷ் ஒன்று வாங்கத்தக்கது. கேமராவிலேயே அமைந்த சிறு ஃபிளாஷால் பெரும்பயன் இல்லை.

நேர்காணலுக்காக ஒருவரை அவருடைய இசைவுடன் உருவப்படம் எடுக்கும்போது ஒளியமைப்பில் தடையில்லை. சாளரத்தருகே அமரச் செய்து, நிழல்பக்கம் ஒரு தெர்மாகோல் தட்டைப் பிடித்தாலே போதும். நம் திரைப்படத் தளங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் முறைதான் இது. நடந்துகொண்டிருக்கும் நிகழ்வில் இதற்கு இடமில்லை. அழுபவரை வெளிச்சம் நோக்கித் திரும்பச் சொல்வதும், முடிந்துபோனதை மறுமுறை செய்யச் சொல்வதும் செய்திப்பட நெறிக்குப் புறம்பானவை. மருத்துவமனையிலும் மிரளும் விலங்குகளின் முன்னும் ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும்.

மழையும் உப்பும்

எஞ்சியவை சிறுபொருள்கள். கூடுதல் மின்கலம் ஒன்று, நினைவக அட்டைகள் இரண்டு, தோளை அறுக்காத அகன்ற பட்டை. மழைக்காலத்தில் ஒரு நெகிழி உறையும் ரப்பர் வளையமும் கேமராவைக் காக்கும். கடற்கரையில் பணியாற்றியபின் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, பின்னர் உலர்துணியால் துடைக்க வேண்டும். காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் பூஞ்சை அணுகாது. கேமரா வாங்க இயலாதவர் கைப்பேசியால் தொடங்கலாம். சாண்டி புயலின்போது கைப்பேசியால் எடுக்கப்பட்ட படத்தை ‘டைம்’ இதழ் 2012 நவம்பரில் தன் அட்டையில் வெளியிட்டது.

கடலூர், 2004

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. இரண்டு நாள் கழித்துக் கடலூரில், ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஒளிப்படக்கலைஞர் ஆர்கோ தத்தா ஒரு படம் எடுத்தார். உறவினரை இழந்த பெண்ணொருவர் மணலில் குப்புற விழுந்து அழுகிறார். அவருடைய உள்ளங்கைகள் வானை நோக்கி விரிந்திருக்கின்றன. அந்த ஆண்டின் உலகச் செய்திப்படப் பரிசு இப்படத்துக்குக் கிடைத்தது.

இங்கு விளக்கும் தட்டும் ஏதுமில்லை. திறந்தவெளிப் பகலொளி மட்டுமே. நின்ற நிலையிலிருந்து கீழ்நோக்கி எடுத்ததால் கடலும் கூட்டமும் இடிபாடுகளும் விலகிவிட்டன. பின்னணி முழுவதும் மணல். தொலைவிலிருந்து இந்தக் கோணம் அமையாது. கலைஞர் அந்தப் பெண்ணுக்குச் சில அடிகள் அருகில் நின்றிருக்க வேண்டும். படச்சட்டத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரிகிறது. முகம் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது.