உலோக உணர் கருவிக்கு ஏற்ற தேடுசுருளைத் தேர்ந்தெடுத்தல்

1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பிற்பகல், பம்பாய்த் துறைமுகத்தின் விக்டோரியா டாக்கில் நின்றிருந்த ‘போர்ட் ஸ்டிக்கின்’ என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி, ஏறத்தாழ அரைமணி நேர இடைவெளியில் இருமுறை வெடித்துச் சிதறியது. அக்கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள்களும், பஞ்சுப் பொதிகளும், 31 பெட்டிகளில் பொற்கட்டிகளும் இருந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பொற்கட்டிகளும் வெடிக்காத குண்டுகளும் துறைமுகச் சேற்றில் புதைந்தன. 67 ஆண்டுகள் கடந்த பின்னரும், 2011ஆம் ஆண்டில், தூரெடுக்கும் பணியின்போது பொற்கட்டிகள் அகப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் சுமார் 45 கிலோகிராம் எடையுள்ள, வெடிக்கும் நிலையிலிருந்த குண்டொன்றும் அகப்பட்டது.

மண்ணிலும் சேற்றிலும் புதைந்து கிடப்பது பொன்னா, குண்டா, வெறும் ஆணியா என்பதைக் கண் அறியாது. மெட்டல் டிடெக்டர் எனப் பொதுவாக வழங்கப்படும் உலோக உணர் கருவியே அங்குத் துணை செய்கிறது. எனினும், கருவி எத்துணைச் சிறந்ததாயினும் அதன் நுனியிலுள்ள தேடுசுருள் பொருத்தமற்றதாயின் பயன் இல்லை. கருவி ஒலிக்காத இடத்தில் உலோகமே இல்லை எனக் கருதி ஒருவர் கடப்பாரையை ஓங்குவாராயின், சுருளின் குறை உயிருக்கே கேடாக முடியும். ஆதலால், சுருளைத் தேர்ந்தெடுக்கும் முறையை மும்பை நகரின் நிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்குவோம்.

சுருள் செய்யும் பணி

தேடுசுருளில் பொதுவாக இரு கம்பிச்சுருள்கள் உண்டு. ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் பாய்ந்து, சுற்றிலும் மாறுகின்ற காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. இப்புலம் உலோகப் பொருளைத் தொடும்போது அதனுள் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை தமக்கென ஒரு சிறு காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கின்றன. இச்சிறு புலத்தை மற்றொரு சுருள் ஏற்கிறது. உலோகம் இல்லாதபோது ஏற்கும் சுருளில் மின்னழுத்தம் ஏறக்குறைய இல்லாதிருக்கும்படி இரண்டும் சமன்செய்து அமைக்கப்படுகின்றன. உலோகம் அருகில் வந்ததும் அச்சமநிலை குலைகிறது; கருவி ஒலிக்கிறது.

காந்தப்புலம் சுருளிலிருந்து பொருளுக்குச் செல்லும்போதும் வலிவு குறைகிறது. பொருளிலிருந்து திரும்பும்போதும் வலிவு குறைகிறது. சுருளின் ஆரத்தைவிட மிகுந்த தொலைவில், செல்லும் புலம் தொலைவின் மும்மடிக்குத் தலைகீழாகக் குறையும். திரும்பும் புலமும் அவ்வாறே குறையும். எனவே, ஒரு சிறு பொருளின் ஆழம் இருமடங்கானால் அதன் குறிப்பு 64இல் ஒரு பங்காகிவிடும். கருவியின் ஒலியைக் கூட்டுவதால் மட்டும் ஆழத்தை எட்ட இயலாமைக்குக் காரணம் இதுவே.

விட்டமும் ஆழமும்

ஒரே மின்னோட்டமும் ஒரே சுற்று எண்ணிக்கையும் கொண்ட இரு சுருள்களை ஒப்பிடுவோம். ஒன்றின் விட்டம் 15 செ.மீ.; மற்றதன் விட்டம் 30 செ.மீ. அச்சின்மீது 5 செ.மீ. ஆழத்தில் சிறிய சுருளின் புலம் பெரியதன் புலத்தைப்போல் 1.35 மடங்கு, போகவர இரு வழியும் கணக்கிட்டால் அதன் குறிப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. 30 செ.மீ. ஆழத்திலோ நிலைமை தலைகீழாகிறது. அங்குப் பெரிய சுருளின் குறிப்பு சிறியதைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு. இரண்டும் சமமாகும் இடம் சுமார் 7.4 செ.மீ. ஆழமாகும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. மேற்பரப்பை ஒட்டிய சிறு பொருளுக்குச் சிறிய சுருளும், ஆழத்திலுள்ள பெரிய பொருளுக்குப் பெரிய சுருளும் ஏற்றவை. 1 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் குண்டைத் தேட 1 மீட்டர் விட்டமுள்ள வளையத்தை எடுத்துக்கொண்டால், அவ்வாழத்தில் அதன் குறிப்பு 30 செ.மீ. சுருளினதைப்போல் ஏறத்தாழ 67 மடங்காகும். அதேபோது 10 செ.மீ. ஆழத்திலுள்ள ஆணிக்கு அப்பெரு வளையம் தரும் குறிப்பு 30 செ.மீ. சுருள் தருவதில் கால்பங்கே. இவ்வாறு பெரு வளையம் சிற்றுலோகத்தைத் தானாகவே ஓரளவு புறக்கணிக்கிறது.

பெரிய சுருளின் குறை

அங்ஙனமாயின் எப்போதும் பெரிய சுருளையே கொள்ளலாமே என்னும் ஐயம் எழலாம். அது தவறாகும். சுருள் தேடும் பொருளை மட்டும் காண்பதில்லை. தன் கீழுள்ள அனைத்தையும் காண்கிறது. 30 செ.மீ. சுருளின் பரப்பு 15 செ.மீ. சுருளின் பரப்பைப்போல் நான்கு மடங்கு. ஒரு சதுர மீட்டரில் 20 ஆணிகள் சிதறியிருப்பதாகக் கொள்வோம். சிறிய சுருளின் கீழ் சராசரியாக 0.35 ஆணியே இருக்கும். பெரியதன் கீழ் 1.4 ஆணிகள் இருக்கும். அஃதாவது, பெரிய சுருள் ஏறக்குறைய எங்கு வைத்தாலும் ஏதேனும் ஓர் ஆணியின் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். தேடும் பொருள் பித்தளை வால்வு போன்ற சிறு பொருளாயின், அதன் குரல் அந்த இரைச்சலில் மறைந்துவிடும்.

இதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1881ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டின் உடலில் பாய்ந்த குண்டைக் கண்டறிய, அலெக்சாந்தர் கிரகாம் பெல் இத்தகைய தூண்டல் சமன் கருவியைப் பயன்படுத்தினார். அவர் முயற்சி வெற்றி பெறவில்லை. மெத்தையிலிருந்த எஃகுக் கம்பிச் சுருள்கள் கருவியைக் குழப்பியமை அதற்கு ஒரு காரணமெனக் கூறப்படுகிறது. தேடும் பொருளை மட்டுமன்றி அதன் சுற்றுப்புறத்தையும் அறிந்தே சுருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சுருளின் வடிவம்

விட்டத்தை அடுத்து வடிவத்தைக் கருத வேண்டும். ஒருமையச் சுருளில் ஒரு வளையத்தினுள் மற்றொரு வளையம் அமைந்திருக்கும். அது கூம்புபோன்ற பகுதியை உணர்வதால் பொருள் இருக்கும் புள்ளியைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் இரும்புச் சத்து மிகுந்த மண் அதனை எளிதில் குழப்பும். இரட்டை ‘டி’ வடிவச் சுருளில் இரு ‘டி’ வடிவ வளையங்கள் நடுவே சற்று ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அது நடுக்கோட்டின் வழியே ஒரு குறுகிய பட்டையை உணர்கிறது. மண்ணின் குழப்பம் இதில் குறைவு. அடுத்தடுத்துள்ள இரு பொருள்களைப் பிரித்தறிவதும் எளிது. புள்ளியைக் குறிக்கச் சற்றுப் பழக்கம் வேண்டும்.

சுருளும் கருவியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதும் நினைவிற்குரியது. ஒரு கருவி குறித்த அதிர்வெண்ணில் இயங்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். வேறொரு கருவியின் சுருள் செருகியில் பொருந்தினாலும் அதன் தூண்டல் மதிப்பு வேறாயின் சமநிலை கெடும்.

மும்பையின் மூவகை நிலம்

தாராவி, மாகிம் கழிமுகத்தை ஒட்டியது. அதன் ஓரங்களில் உப்புச் சேறும், மேடாக்கக் கொட்டிய மண்ணும் உள்ளன. பழைய இரும்புத் துண்டுகளுக்கும் அங்குக் குறைவில்லை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துமாதலால் சுழல் மின்னோட்டம் சேற்றிலேயே எழுகிறது. உப்புநீர் உலோகத்தை மறைத்துவிடுகிறது எனச் சிலர் எண்ணுவர்; உண்மையில், இக்கருவிகளின் குறைந்த அதிர்வெண்ணில் காந்தப்புலம் அதனை எளிதில் ஊடுருவும். நீரே உலோகம்போல் ஒலிப்பதுதான் தொல்லை. சுருள் பெரிதாக ஆக இத்தொல்லையும் பெருகும். ஆதலால் இத்தகைய நிலத்தில் 15 முதல் 20 செ.மீ. வரையுள்ள இரட்டை ‘டி’ சுருளும் குறைந்த அதிர்வெண்ணும் ஏற்றவை. ஆழமான தேடலுக்குத் துடிப்பு முறைக் கருவி நன்று.

மாதுங்கா, மத்திய இரயில்வே, மேற்கு இரயில்வே ஆகிய இரு வழித்தடங்களும் செல்லும் பகுதி. தண்டவாளங்களும் மின்கம்பிகளும் அருகிலுள்ளன. சுற்று எண்ணிக்கை சமமாயின், புறத்தேயிருந்து சுருளில் புகும் மின்னிரைச்சல் பரப்பிற்கேற்பக் கூடும். விட்டம் இருமடங்கானால் இரைச்சல் நான்கு மடங்காகும். இங்குச் சிறிய சுருளைக் கொள்வதுடன், கருவியில் வசதி இருப்பின் அதிர்வெண்ணைச் சற்று மாற்றி இரைச்சல் குறையும் நிலையைத் தேர வேண்டும். தண்டவாளத்திற்கும் இரும்புக் கம்பிகளிட்ட காங்கிரீட்டிற்கும் அருகில் பெரு வளையத்தைப் பயன்படுத்தலாகாது.

செம்பூருக்குக் கிழக்கே டிராம்பே குன்றுகள் உள்ளன. அவை சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பால் உருவான தக்காணக் கருங்கற் படிவத்தைச் சேர்ந்தவை. அக்கல்லிலும் அது சிதைந்த மண்ணிலும் காந்த இரும்புத் தாதுத் துகள்கள் கலந்துள்ளன. இங்கு ஒருமையச் சுருளை விடுத்து இரட்டை ‘டி’ சுருளையே கொள்ள வேண்டும். தேடத் தொடங்குமுன் உலோகமற்ற ஓரிடத்தில் சுருளைத் தரையை நோக்கி மெல்ல ஏற்றியிறக்கி, ஒலி மாறாதவாறு மண் சமன்செய்தல் இன்றியமையாதது. மண்ணின் தன்மை மாறுமிடந்தோறும் இதனைத் திரும்பச் செய்க.

களப் பணியாளர் செய்யத்தக்க சோதனை

சுருளைத் தேர்ந்தபின் அதனை அந்நிலத்திலேயே சோதிக்க வேண்டும். தேடும் பொருளை ஒத்த அளவும் உலோகமும் உள்ள வெற்றுப் பொருளொன்றைத் தெரிந்த ஆழத்தில் புதைத்து, கருவி ஐயத்திற்கிடமின்றி ஒலிக்கும் பேராழத்தைக் குறித்துக்கொள்க. அந்த ஆழம் வரையிலுமே தேடல் செல்லுபடியாகும். அறிக்கையில் ‘உலோகம் இல்லை’ என்று எழுதற்க. ‘இச்சுருளால், இந்நிலத்தில், இன்ன அளவுள்ள பொருள், இன்ன ஆழம் வரை காணப்படவில்லை’ என்று எழுதுக. சுருளை வீசும்போது ஒவ்வொரு வீச்சும் முந்தியதன்மேல் பாதியளவேனும் படிய வேண்டும். ஆழம் கூடக் கூட உணரும் பரப்பு சுருங்குவதே இதற்குக் காரணம்.

குண்டு என ஐயுறத்தக்க எதுவும் தென்பட்டால் அதைத் தொடாமலும் தோண்டாமலும், ஆட்களை விலக்கி, காவல் துறைக்கு அறிவிக்க வேண்டும். மண்ணில் மறைந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதியாகும்.

வகுப்பறைச் சோதனை

15 செ.மீ., 30 செ.மீ. விட்டமுள்ள இரு அட்டை வளையங்களில் பூச்சிட்ட செப்புக் கம்பியை 50 சுற்றுகள் சுற்றுக. இரண்டையும் தொடராக இணைத்து, ஒன்றுக்கொன்று சில மீட்டர் தள்ளி வைத்தால் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் பாயும். ஒலி அதிர்வெண் ஆக்கியிலிருந்து 1,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள மின்னோட்டத்தைச் செலுத்துக. 3 செ.மீ. விட்டமும் 500 சுற்றுகளும் உள்ள சிறு சுருளை மில்லிவோல்ட் மானியுடன் இணைத்து, வளையத்தின் அச்சின்மேல் 5, 7.4, 10, 20, 30 செ.மீ. தொலைவுகளில் அளந்து வரைபடம் வரைக. இரு வளைவுகளும் 7.4 செ.மீ. அருகே வெட்டுவதை மாணவர் தாமே காண்பர். எந்தச் சுருள் சிறந்தது என்று அதன்பின் அவர்களை வினவினால், ‘எந்த ஆழத்திற்கு?’ என்று அவர்கள் திருப்பி வினவுதல் வேண்டும். ‘எந்த நிலத்தில்?’ என்னும் வினாவையும் அதனுடன் சேர்த்துக் கேட்கக் கற்பிப்பது ஆசிரியரின் கடமையாகும்.