மண் என்னும் மூலதனம்

சங்கத்தில் நாம் செலுத்தும் பங்குத்தொகைக்குக் கணக்கு உண்டு. கடனுக்கும் வட்டிக்கும் கணக்கு உண்டு. நம் காலடியிலுள்ள மேல்மண்ணுக்கோ எவரும் கணக்கு வைப்பதில்லை. அது உண்டாகும் விதத்தையும் கரையும் விதத்தையும் அறிந்தால், உழவர்க்கு அதனினும் பெரிய மூலதனம் இல்லை என்பது விளங்கும்.

பாறை மண்ணாதல்

மண்ணுக்குத் தாய் பாறையே. பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் நாம் காணும் குன்றுகளைப் போன்ற கடும்பாறையும் காலத்தால் சிதையக் கூடியதே. வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் அது வெடிக்கிறது. வெடிப்பில் வேர் நுழைந்து அகலப்படுத்துகிறது. கரியமில வாயு கலந்த மழைநீர் மெல்லிய அமிலமாகிக் கல்லின் கனிமங்களை மாற்றுகிறது. அவற்றுள் பெல்சுபார் களிமண்ணாகிறது. குவார்ட்சு மணலாக எஞ்சுகிறது.

துகள் மட்டும் மண்ணாகிவிடாது. தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் மேடுபள்ளம், தாய்ப்பாறை, காலம் ஆகிய ஐந்தும் கூடியே மண்ணை ஆக்குகின்றன என்று ஹான்ஸ் ஜென்னி என்னும் அறிஞர் 1941இல் விளக்கினார். ஒரு சென்டிமீட்டர் மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம்.

செம்புறாங்கல்

வலையபட்டி முதலிய செட்டிநாட்டு ஊர்ப்புறங்களில் செவல் மண்ணும் செம்புறாங்கல்லும் மிகுதி. வெப்பமும் மழையும் நெடுங்காலம் மாறிமாறித் தாக்கும்போது சுண்ணாம்பு முதலிய சத்துகளும் சிலிக்காவும் கரைந்து போகின்றன; இரும்பும் அலுமினியமும் தங்குகின்றன. வெளுத்தாலும் எளிதில் போகாத துருக்கறையைத் துணியில் கண்டிருக்கும் நெசவாளர்க்கு இதன் நிறம் புதிதன்று. இதுவும் இரும்பின் துருவே. கேரளத்து அங்காடிப்புரத்தில் இக்கல்லைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளியான தம் நூலில், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இதற்கு 'லேட்டரைட்' எனப் பெயரிட்டார். வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டபின் இறுகுவது இதன் இயல்பு.

இவ்வியல்பு சுவருக்கு நன்மை, வயலுக்குக் கேடு. மேல்மண் போய் அடியிலுள்ள செம்புறை வெளிப்பட்டால் அதுவும் இறுகிவிடும். பின்னர் அங்கே கொழு இறங்காது, வேரும் இறங்காது.

மண் அரிப்பு

வெற்று நிலத்தில் விழும் மழைத்துளி மண்கட்டியை உடைக்கிறது. ஓடும் நீர் முதலில் நுண்ணிய களியையும் மட்கையும் கொண்டு செல்கிறது, சரளையே மிஞ்சுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வரத்துக்காலில் ஓடும் செந்நீர் நம் வயலின் சத்தே ஆகும்.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஹெக்டேருக்குச் சராசரியாக 16.4 டன் மண் அரிக்கப்படுவதாகத் துருவநாராயணா, ராம்பாபு ஆகிய இருவரும் 1983இல் மதிப்பிட்டனர். ஏக்கருக்கு இது ஆறரை டன்னுக்கு மேல். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மண் ஏறத்தாழ 13 முதல் 15 டன் எடை இருக்கும். ஆகவே பல நூறு ஆண்டுகளில் சேர்ந்த ஒரு சென்டிமீட்டர் மண், இந்த அளவில் பத்தே ஆண்டுகளில் போய்விடும். வட்டியை மட்டுமன்றி முதலையும் உண்ணும் வாழ்க்கை இது.

செய்யத்தக்கவை

சரிவுக்குக் குறுக்கே உழுதல் வேண்டும். வரப்பை உயர்த்தி அதன்மேல் புல் வளர்த்தல் வேண்டும். பாவை ஊடை பிணைப்பதுபோல் புல்வேர் மண்ணைப் பிணைக்கும். மழைக்காலத்தில் நிலத்தைப் பயிராலோ தழையாலோ மூடிவைத்தல் வேண்டும்.

கண்மாயில் படிந்த கரம்பையை வயலுக்குத் திருப்புதல் அடுத்த கடமை. மணற்பாங்கான நிலத்தில் அது ஈரத்தைத் தாங்கும். கண்மாயின் கொள்ளளவும் மீளும். நீர்நிலைகளின் வண்டலை உழவர் கட்டணமின்றி எடுக்க 2017இல் தமிழக அரசு வழிசெய்தது; வட்டாட்சியரே அனுமதி அளிக்கும் எளிய முறை 2024இல் வந்தது. உப்பு மிகுந்த வண்டல் பயிரைக் கெடுக்குமாதலால், மண் பரிசோதனை செய்த பின்னரே இடுதல் நலம்.

இவற்றுள் எதனையும் ஒருவர் தனித்துச் செய்து முழுப்பயன் காண இயலாது. மேல்வயலின் வரப்பு உடைந்தால் கீழ்வயலின் வரப்பும் நில்லாது. மழைநீர் பட்டா எல்லையை அறியாது. ஆதலின் மண்காப்பு தனியொருவர் பணியன்று. கூட்டுறவுப் பணியே ஆகும்.

உறுப்பினர் கூடி ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் செம்புறை வெளிப்பட்டுவிட்ட நிலங்கள் எவை?
2. முதல் மழையில் எந்த வரத்துக்கால் மிகவும் கலங்கி ஓடுகிறது? அதன் மேற்புறத்து வயல்கள் யாருடையவை?
3. வரும் கோடையில் கரம்பை எடுக்க வண்டிகளையும் ஆட்களையும் எவ்வாறு பகிர்ந்துகொள்வது?