நீச்சல் குளத்தில் இரும்புக் கறை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல் மாணவி)

வேதியியல் என்றால் சோதனைக் குழாயும் தேர்வு மதிப்பெண்ணும்தான் என்று எண்ணியிருந்தவள் நான். அது எங்கள் வீட்டு உலை வரைக்கும் வரும் என்பதை ஒரு நீச்சல் குளம்தான் எனக்குக் கற்பித்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நானே. என் தந்தையார் நகருக்கு வெளியே ஒரு தோட்ட வீட்டில் தோட்டக்காரராக வேலை பார்க்கிறார். அவ்வீட்டில் ஒரு சிறு நீச்சல் குளம் உண்டு. மழைக்காலத்தில் வற்ற வைத்து, கோடை விடுமுறைக்கு முன் கழுவி நீர் நிரப்புவார்கள். குளிர் நாடுகளில் குளிர்காலம் முழுதும் மூடி வைத்து வசந்தத்தில் திறப்பது போன்றதே இதுவும்.

சென்ற ஆண்டு ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பியபோது, அது பளிங்கு போல் இருந்தது. மாலையில் என் தந்தையார் வழக்கம்போல் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். விடிந்து பார்த்தால் குளம் முழுவதும் தேநீர் நிறம்! இரண்டு நாளில் வெள்ளை டைல்ஸ் தரையிலும் படிகளிலும் செம்பழுப்புக் கறை படிந்துவிட்டது. இரும்புக் கம்பித் தூரிகையால் தேய்த்தார், கறை கூடியது. ஆசிட் ஊற்றினார்; டைல்ஸ் இடுக்குச் சிமெண்டு அரித்தது. “மருந்தை அள்ளிக் கொட்டிக் கெடுத்துவிட்டாய்” என்று வீட்டுக்காரர் அரை மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். “எப்போதும் போடுகிற அளவுதானம்மா போட்டேன்” என்று தந்தையார் என்னிடம் சொன்னார். அப்போது முதலாண்டு மாணவியாயிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை.

கறை எங்கிருந்து வந்தது?

இவ்வாண்டு பண்பறி பகுப்பாய்வுச் செய்முறை வகுப்பில் இரும்பு அயனியைக் கண்டறியும் சோதனை வந்தது. எங்கள் பேராசிரியரிடம் அனுமதி பெற்று, அத்தோட்டத்துக் கிணற்று நீரை ஒரு புட்டியில் கொண்டு வந்தேன். சில துளி நைட்ரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கி, ஆறிய பின் அம்மோனியம் தயோசயனேட் விட்டேன். நீர் இரத்தச் சிவப்பாயிற்று. மற்றொரு குழாயில் அதே நீருடன் பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சேர்த்தேன். சற்று நேரத்தில் பழுப்பு நிறம் தோன்றியது. நான் பார்த்தது ஒரு சோதனைக் குழாயை அன்று. அந்தக் குளத்தையே பார்த்தேன்.

இதன் விளக்கம் எளிது. பூமிக்கடியில் காற்றுப் படாத நீரில் இரும்பு, ஃபெரஸ் அயனியாகக் கரைந்திருக்கும். சிறிய அளவில் அதற்கு நிறம் தெரியாது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோ குளோரினோ பட்டால் அது ஃபெரிக் நிலைக்கு மாறி, கரையாத ஃபெரிக் ஹைட்ராக்சைடாக வீழ்படியும். செம்பழுப்புக் கறை என்பது இதுவே. ஆகவே மருந்து கறையை உண்டாக்கவில்லை. நீரில் மறைந்திருந்ததை வெளிக்காட்டியது, அவ்வளவே. மருந்தே போடாவிட்டாலும் காற்று பட்டு மெல்ல மெல்ல இதே கறை வந்திருக்கும்.

மாங்கனீசு இருந்தால் கறை கரும்பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். தாமிரம் நீலப்பச்சைக் கறை தரும். பாசியைக் கொல்லப் போடும் மயில்துத்தம் இதற்கு ஒரு காரணம். இலை தழை விழுந்த கறையும் பழுப்பே. ஆனால் அது குளோரினில் வெளுக்கும். இரும்புக் கறை குளோரினுக்கு அசையாது. வைட்டமின் சி மாத்திரையைத் தேய்த்தால் மங்கும். இரண்டையும் பிரித்தறிய இது போதும்.

ஒரு சிறு கணக்கு

குடிநீரில் லிட்டருக்கு 0.3 மி.கி.க்கு மேல் இரும்பு இருந்தால் துணியிலும் குழாய்ச் சாதனங்களிலும் கறை படியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மோர் உப்பிலிருந்து தயாரித்த கரைசல்களோடு நிறத்தை ஒப்பிட்டதில், எங்கள் மாதிரியில் ஏறக்குறைய 2 மி.கி. இருந்தது. குளத்தின் நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர், கொள்ளளவு 48,000 லிட்டர். எனவே அதில் கரைந்த இரும்பு 96 கிராம். அது முழுதும் ஃபெரிக் ஹைட்ராக்சைடானால் சுமார் 184 கிராம் வண்டல்! கண்ணுக்குத் தெரியாத தெளிந்த நீருக்குள் இத்தனை கறை ஒளிந்திருந்தது.

தடுக்கும் வழிகள்

முதலாவது, இரும்பைக் கரைசலிலேயே கட்டி வைப்பது. இ.டி.டி.ஏ., பாஸ்போனேட் போன்ற சேர்மங்கள் நண்டு தன் கொடுக்கால் பற்றுவதுபோல் உலோக அயனியைப் பற்றிக்கொள்ளும். நாம் பாடத்தில் படிக்கும் கொடுக்கிணைப்பு இதுதான். இவற்றைக் குளோரினுக்கு முன்பே சேர்க்க வேண்டும். ஆனால் இரும்பு நீரிலேயே இருக்கும். குளோரின் நாளடைவில் அச்சேர்மத்தைச் சிதைப்பதால் மீண்டும் மீண்டும் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, இரும்பைக் குளத்திற்கு வெளியிலேயே வீழ்படிய வைப்பது. செலவு குறைவு என்பதால் இதையே நாங்கள் கையாண்டோம். தோட்டத்தில் 5,000 லிட்டர் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. குழாய் முனையில் பூவாளித் தலை பொருத்தி, நீர் காற்றில் சிதறி விழும்படி செய்தோம். சிறிது சுண்ணாம்புத் தெளிவு நீரும் சேர்த்தோம். காரணம், பி.எச். மதிப்பு ஓர் அலகு உயர்ந்தால், காற்றினால் இரும்பு ஆக்ஸிஜனேற்றமடையும் வேகம் ஏறத்தாழ நூறு மடங்காகும். இரவு முழுதும் தெளிய விட்டு, காலையில் மணலும் சரளையும் இட்ட பீப்பாய் வழியே வடித்துக் குளத்தில் விட்டோம். நாளுக்கு ஒரு தொட்டி வீதம் பத்து நாட்கள் ஆயின. மாங்கனீசு மிகுந்த நீருக்கு இம்முறை போதாது; அது காற்றுக்கு எளிதில் இணங்காது.

பழைய கறைகளை, குளம் வற்றியிருந்தபோதே வைட்டமின் சி பொடியை ஈரத்தில் தேய்த்து நீக்கினோம். அது ஃபெரிக்கை மீண்டும் கரையும் ஃபெரஸ் ஆக்குகிறது. அதனால் கழுவிய நீரை வெளியே விட்டுவிட வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டை ஒருபோதும் கலக்கலாகாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

முடிவுரை

பதினோராம் நாள் மாலை தந்தையார் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினார். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. விடிந்து போய்ப் பார்த்தோம். குளத்தின் அடியிலிருந்த டைல்ஸ் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. படியோரம் மட்டும் பழைய கறையின் சாயல் கொஞ்சம் இருந்தது. வீட்டுக்காரர் கேட்டபோது, “மருந்து இல்லீங்க, தண்ணியில இரும்பு இருக்குதுங்க” என்று தந்தையாரே விளக்கினார். பிடித்த சம்பளம் திரும்பி வரவில்லை. ஆனால் இப்போது குளத்தில் எதைச் சேர்ப்பதானாலும் அவரைக் கேட்டே சேர்க்கிறார்கள்.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊர்க் கிணற்று நீரை ஒரு புட்டியில் எடுத்து வாருங்கள். நம் ஆய்வகத்தில் அதற்கு வேண்டிய வினைபொருள்கள் இருக்கின்றன. படிக்காத பெற்றோர் மீது விழுந்த ஒரு பழியையேனும் நம் படிப்பு துடைக்குமானால், அந்தப் படிப்பு வீண்போகவில்லை என்பேன்.