லேவியராகமத்தில் நின்றுபோகும் தீர்மானம்

ஒவ்வொரு ஜனவரியிலும் முழு வேதாகமத்தையும் வாசித்து முடிப்பதாகத் தீர்மானம் எடுக்கிறேன். லேவியராகமம் வந்ததும் நின்றுபோகிறது. இலக்கு வைப்பதே விசுவாசக் குறைவு என்கிறாள் என் தோழி. இந்த ஆண்டு என்ன செய்யட்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

தாராளமாக இலக்கு வையுங்கள், சகோதரி. யாக்கோபு தம் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் கண்டிப்பது திட்டத்தை அல்ல, கர்த்தரை மறந்து போடும் திட்டத்தைத்தான். கோபுரம் கட்டுகிறவன் முதலில் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று இயேசுவே கேட்டிருக்கிறார் (லூக்கா 14).

நாமும் கணக்குப் பார்ப்போம். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என வாசித்தால் ஓராண்டில் முடியும். பாரமாகத் தெரிந்தால், இந்த ஆண்டு புதிய ஏற்பாடு மட்டும் போதும். அதில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், தினம் ஒன்று. 52 வாரங்களில் முடிந்துவிடும். தவறியதை ஈடுகட்ட சனி, ஞாயிறு இருக்கின்றன.

காலைக் காபிக்கு முன் என்று நேரத்தையும் குறித்துவிடுங்கள். தோழியையும் கூட வாசிக்கச் சொல்லுங்கள். இருவராக வாசித்தால் எளிதில் நிற்காது. விட்டுப்போனால் மறுநாளே தொடருங்கள். தேவனுடைய கிருபை ஜனவரி முதல் தேதிக்காகக் காத்திருப்பதில்லை. நீங்களும் காத்திருக்க வேண்டாம்.