காத்திருத்தலும் எதிர்பார்த்தலும்: சில ஆங்கிலச் சொற்கள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

ஆங்கிலம் என்றதும் நம்மில் பலருக்கு இலக்கணத்தின் மீதுதான் அச்சம். ஆனால் இலக்கணப் பிழையைப் படிப்பவர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார். சொல் மாறினால் பொருளே மாறிவிடுகிறது. கிராமத்துப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்துவிட்டு, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம் போன்றோர் இன்னும் ஓராண்டில் விண்ணப்பம் எழுதத் தொடங்க வேண்டும். அதில் வேறு என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று செய்திகள் இருந்தே தீரும்: வேலை தேடுகிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம், நல்லதை எதிர்பார்க்கிறோம். இம்மூன்றுக்கும் ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம். எதை எங்கே இடுவது என்பதுதான் தொல்லை.

நூலகத்தில் ரோஜே என்பவர் தொகுத்த தெசாரஸ் இருக்கிறது. அவர் ஒரு மருத்துவர்; அந்நூல் 1852-இல் வெளியானது. ஒத்த பொருளுடைய சொற்களை ஒரே தலைப்பின்கீழ்க் குவித்து வைத்திருக்கிறார். நம் திவாகர நிகண்டு அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே செய்த வேலைதான் இது. ஆனால் குவியலிலிருந்து எதை எடுப்பது என்று ரோஜே சொல்வதில்லை. சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டால் அது தானே விளங்கும் என்பது என் எண்ணம்.

முதலில் தேடுதல். 'சர்ச்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'ஃபார்' வராவிட்டால் என்ன ஆகும்? திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த தம்பியைத் தேடினால் 'சர்ச் ஃபார்'. 'ஃபார்' இல்லாமல் தம்பியை 'சர்ச்' செய்தால், போலீஸ்காரர் போல அவன் சட்டைப்பையைச் சோதனை போட்டதாகப் பொருள்! ஒரு பெட்டிக்குள் கைவிட்டுக் குடைவது 'ரம்மேஜ்'. கப்பலில் சரக்கு அடுக்குவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஓர் இடம் விடாமல் தேடுவதை நாம் சல்லடை போட்டுத் தேடுவது என்கிறோம். ஆங்கிலேயர் சீப்பால் வாருகிறார்கள்: 'கோம்'. கிடைக்கவே கிடைக்காத ஒன்றின் பின்னால் அலைவது 'ஒயில்ட் கூஸ் சேஸ்', அதாவது காட்டு வாத்தைத் துரத்துவது. வேலைக்கும் அறிவுரைக்கும் நீதிக்கும் உரிய கண்ணியமான சொல் 'சீக்'. விண்ணப்பத்தில் இதைத் தாராளமாக எழுதலாம். தொலைந்த செருப்புக்கு எழுதினால் சிரிப்பார்கள்.

இனிக் காத்திருத்தல். காந்திபுரம் நகரப் பேருந்து நிலையத்தில் மாலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு இதைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பேருந்துக்குக் காத்திருப்பது 'வெயிட் ஃபார்'. கடிதத்தில் பதிலுக்குக் காத்திருப்பது 'அவெயிட்'. பின்னதற்கு 'ஃபார்' கிடையாது. சொல்லுக்குள்ளேயே அது அடங்கிவிட்டது.

'வெயிட்' என்பதன் வேரைப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. பழைய பிரெஞ்சு வழியாக வந்த அச்சொல்லுக்குக் காவல் இருத்தல் என்பதே முதற்பொருள். விழிப்பைக் குறிக்கும் 'வேக்', காவலைக் குறிக்கும் 'வாட்ச்' ஆகியவை அதன் உறவுச் சொற்கள். நம் சொல்லைப் பாருங்கள்: கா, காவல், காத்தல், காத்திருத்தல்! இரண்டு மொழிகளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன. சோளக்காட்டில் பரண் மேல் உட்கார்ந்து குருவி ஓட்டுபவர் கதிரைக் காக்கிறார், அறுவடைக்கும் காத்திருக்கிறார். இலவு காத்த கிளியும் அப்படித்தான். பழுக்கும் என்று காத்திருந்தது, கடைசியில் பஞ்சுக்குக் காவல் இருந்தது.

பெரியவர் ஒருவரைப் பார்க்க வெளியே வெகுநேரம் நிறுத்தி வைக்கப்படுவதற்கு ஆங்கிலத்தில் 'கூல் யுவர் ஹீல்ஸ்' என்ற மரபுத்தொடர் உண்டு. குதிகால் குளிரக் காத்திருத்தல் என்று பொருள். சான்றிதழ் வாங்க அலுவலக வராந்தாவில் நின்றவர்களைக் கேட்டால் கால் கடுக்க நின்றோம் என்பார்கள். அவர்களுக்குக் குளிர்கிறது, நமக்குக் கடுக்கிறது. அங்கே நாற்காலி போடுவார்கள் போலும்!

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த தொடர் 'ஆன் டென்டர்ஹுக்ஸ்'. தேர்வு முடிவு வரும் நாளுக்கு முதல் நாள் இரவு நாம் இருக்கும் நிலை அது. இங்கிலாந்தில் கம்பளித் துணியைத் துவைத்துக் கெட்டிப்படுத்திய பின், சுருங்காமலும் கோணாமலும் உலர வேண்டும் என்பதற்காக நீண்ட மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டுவார்கள். அந்தச் சட்டம் 'டென்டர்'. துணியின் கரையைக் குத்திப் பிடிக்கும் வளைந்த ஆணிகள் 'டென்டர்ஹுக்ஸ்'. மனம் அப்படி இழுபட்டுக் கிடப்பதைச் சொல்ல ஸ்மாலெட் என்ற எழுத்தாளர் 1748-இல் வெளியான 'ரோடரிக் ராண்டம்' என்ற நாவலில் இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார்.

இது ஏதோ கடல் கடந்த செய்தி என்று எண்ண வேண்டாம். என் தந்தையார் திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயத் தொழிற்கூடத்தில் ஸ்டென்டர் இயந்திரத்தில் வேலை செய்கிறார். அந்த ஸ்டென்டர் இந்த டென்டரின் நேர் வாரிசுதான். மரச்சட்டம் போய் ஓடும் சங்கிலி வந்தது. வெயில் போய்ச் சூடான காற்றறை வந்தது. அவ்வளவே வேறுபாடு. "ஏனுங்கப்பா, அதுல துணி எப்படிப் போகும்?" என்று கேட்டேன். "பின்னு ரெண்டு பக்கமும் கரையப் புடிச்சுக்கும் கண்ணு. இழுத்த இழுப்புலயே சூட்டுக்குள்ள போயி வெளிய வரும். இழுக்காம உட்டா சுருங்கிப்போகும்" என்றார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. நான் அகராதியில் தேடிப் படித்த தொடரை விளக்க அவருக்கு மூன்றே வாக்கியங்கள் போதுமானதாக இருந்தது. இழுத்தலைக் குறிக்கும் அதே இலத்தீன் வேரிலிருந்துதான் இயற்பியலில் நாம் படிக்கும் 'டென்ஷன்' வந்தது. நாள்தோறும் பேராசிரியர் எடுக்கும் 'அட்டென்டன்ஸ்' கூட அதன் வழியில் வந்ததே. முந்தைய ஆங்கிலத்தில் 'அட்டென்ட்' என்பதற்குக் காத்திருத்தல் என்ற பொருளும் இருந்தது. மணி அடிக்கக் காத்திருப்போருக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

எதிர்பார்த்தலில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 'எக்ஸ்பெக்ட்' என்பது இலத்தீனில் வெளியே நோக்குதல். ஏறத்தாழ நம் எதிர்பார்த்தலேதான். ஆனால் அதில் நாம் நினைப்பதைவிட உரிமை அதிகம். நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் உங்கள் பதிலை 'எக்ஸ்பெக்ட்' செய்கிறேன் என்றால், பதில் போட்டாக வேண்டும் என்று மேலதிகாரி கேட்பது போல ஒலிக்கும். 1805-இல் ட்ரஃபால்கர் கடற்போருக்கு முன் நெல்சன், ஒவ்வொருவரும் கடமையைச் செய்வார் என்று இங்கிலாந்து நம்புகிறது எனக் கொடிகளால் செய்தி அனுப்ப விரும்பினார். 'கன்ஃபைட்ஸ்' என்ற சொல்லைத்தான் அவர் சொன்னார். குறியீட்டு நூலில் அதற்குத் தனிக்கொடி இல்லை; எழுத்தெழுத்தாக ஏற்ற வேண்டும். 'எக்ஸ்பெக்ட்ஸ்' என்று மாற்றலாமா எனச் செய்தி அதிகாரி பாஸ்கோ கேட்டார், நெல்சனும் இசைந்தார். கொடிகள் மிச்சமாயின. நம்பிக்கையாக இருந்தது எதிர்பார்ப்பாக, சொல்லப்போனால் கட்டளையாக மாறிவிட்டது.

'ஆன்டிசிபேட்' என்பதைப் பலரும் 'எக்ஸ்பெக்ட்' என்பதற்குப் பெரிய மனிதர் சொல் என்று எண்ணி எழுதுகிறார்கள். அதன் வேர்ப்பொருள் முந்திப் பிடித்தல். என் அப்புச்சிக்கு இருப்பது வானம் பார்த்த பூமி. சித்திரையில் மேகம் கூடுகிறதா என்று கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறாரே, அது 'எக்ஸ்பெக்ட்'. மழை வருமுன்பே கோடை உழவு ஓட்டிப் போடுகிறாரே, அது 'ஆன்டிசிபேட்'. மழை வர வேண்டுமே என்று அம்மாயி மாரியம்மனுக்கு விளக்கு வைப்பது 'ஹோப்'. ஒரே காட்டில் மூன்று சொற்களும் இருக்கின்றன. அறிவியலிலிருந்து சொல்வதானால், தனிம அட்டவணையில் அலுமினியத்துக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே வரப்போகும் தனிமத்தின் அடர்த்தி 5.9 அளவில் இருக்கும் என்று மெண்டலீவ் முன்கூட்டியே குறித்து வைத்தார். 1875-இல் பாய்ஸ்பாட்ரன் காலியத்தைக் கண்டுபிடித்தார். அவர் முதலில் அளந்தபோது அடர்த்தி 4.7 என வந்தது. தூய்மையாக்கி மீண்டும் அளந்ததும் 5.9 ஆயிற்று. இதுவும் கோடை உழவுதான்.

அப்படியானால் விண்ணப்பத்தின் கடைசி வரியில் என்ன எழுதுவது? 'எக்ஸ்பெக்ட்' உரிமை கேட்கிறது; 'ஹோப்' தனியாக நின்றால் சற்றுக் கெஞ்சுகிறது. 'அவெயிட்' பிழையில்லை, ஆனால் அலுவலகக் கோப்பின் வாசனை அடிக்கும். 'லுக் ஃபார்வர்டு டு' என்பதே பொருத்தம்: ஆவலோடு எதிர்நோக்குகிறேன், நெருக்கவும் இல்லை, குனியவும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இங்கே 'டு'வுக்குப் பின் 'ஹியர்' வராது, 'ஹியரிங்' என்றே வரும்.