வெள்ளையில் இறங்கிய அரக்கு

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். "எல்லாத்தையும் போட்டுட்டு ஒரு எவர்சில்வர் அண்டா வாங்கு" என்று சொல்ல ஓர் அக்காவும் இருப்பாள். அவள் அப்படிச் சொன்னதால்தான் அப்பத்தாவின் பெட்டியிலிருந்த 11 சேலைகளையும் வைத்து நான் போர்வை தைக்க உட்கார்ந்தேன்.

தைப்பதில் பெரிய வித்தை இல்லை. 9 அங்குலச் சதுரங்களாக வெட்டி இணைத்து, நடுவே பழைய வேட்டி, அடியில் காடாத் துணி வைத்து ஓட்டுத்தையல் போட வேண்டியதுதான். பட்டு மட்டும் வேண்டாம். பழைய பட்டு மடிப்பிலேயே இற்றுப்போயிருக்கும். கல்யாணப் பட்டை ஏன் சேர்க்கவில்லை என்று அக்கா இன்னும் கேட்கிறாள். இதுதான் காரணம்.

நான் கோட்டை விட்டது சுங்குடியில். அத்தை கன்னிப்பெண்ணாகக் கட்டிய அரக்குச் சுங்குடி, மதுரையில் எடுத்தது. அதன் பக்கத்திலேயே, தாத்தா போனபின் 38 வருஷம் அப்பத்தா கட்டிய வெள்ளை. சாயம் போகுமா என்று தெருமுனைத் தையல்காரரைக் கேட்டேன். "உப்புத் தண்ணில ஒரு ராத்திரி ஊறப் போடுங்கம்மா, நின்னுரும்" என்றார். முதல் துவைப்பிலேயே வெள்ளைச் சதுரங்கள் ஏழும் ரோஸாகிவிட்டன. உப்புக்கு வேலை சாயம் ஏற்றும் தொட்டியில்தான், ஏறிய சாயத்தை அது பிடித்து வைக்காது என்று பிறகு ஒரு சாயப்பட்டறைக்காரர் சொன்னார்.

சேலையை வெட்டும் முன், நனைத்த வெள்ளைத் துணியால் உள்முந்தியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுங்கள். தெளியவே இல்லையா, அந்தச் சேலையைத் தொடாதீர்கள். ஐந்து நிமிஷ வேலை, நான் செய்யவில்லை.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். அத்தைக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, எது யார் கட்டியது, எதற்கு எடுத்தது என்று கேட்டு, அடித்துணியில் ஒவ்வொரு சதுரத்துக்கும் நேராக நூலாலேயே எழுத்துப் போட்டேன். "கண்டாங்கி, 1987, சின்னவள் காதுகுத்து." பேனாவால் எழுதியிருந்தால் அதுவும் கரைந்திருக்கும். அக்கா போர்வையைத் திருப்பியே பார்க்கவில்லை. அவள் கண்ணில் பட்டது கறை மட்டும்தான்.

போன வாரம் அவள் மகள் வந்திருந்தாள். அடிப்பக்கத்தை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டு, "சித்தி, இதை எனக்குத் தருவீங்களா?" என்றாள்.

உங்கம்மாவை வந்து கேட்கச் சொல் என்றேன்.