மூடினாலும் விழித்திருக்க வேண்டிய லேப்டாப்

கேள்வி: ஈரோட்டில் சிறிய ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். பழைய விண்டோஸ் லேப்டாப்பில் டேலி ஓடுகிறது. பில் போடும் இன்னொரு கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாக அதில்தான் சேர்ந்திருக்கிறது. கல்லாவில் இடமில்லாததால் லேப்டாப்பை மூடிவைத்து, மானிட்டரில் பார்த்துக்கொள்கிறோம். கடைப் பையன் ஏதோ செட்டிங் மாற்றிய பிறகு மூடினாலும் ஓடுகிறது. ஆனால் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறது, பில் நின்றுபோகிறது. பில் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் யூபிஎஸ் உண்டு. லேப்டாப்பில்தான் பேட்டரி இருக்கிறதே என்று அதை யூபிஎஸ்ஸில் மாட்டவில்லை. என்ன செய்யலாம்? இப்படி மூடியே வைத்திருந்தால் கெட்டுப்போகுமா?

— ஜவுளிக் கடை வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் பையன் செய்தது பாதி வேலை. லேப்டாப் தூங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மூடியைச் சாத்துவது ஒன்று. கீபோர்டும் மவுசும் அசையாமல் சும்மா கிடப்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும், சார்ஜரில் இருக்கும்போது ஒன்று, பேட்டரியில் இருக்கும்போது ஒன்று என்று விண்டோஸ் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறது. ஆக மொத்தம் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். கரண்ட் போனதும் உங்கள் லேப்டாப் பேட்டரிக் கணக்குக்கு மாறுகிறது. அங்கே ‘சும்மா இருந்தால் பத்து நிமிடத்தில் தூங்கு’ என்பதுபோல ஏதாவது இருக்கும். பெரும்பாலும் அதுதான் உங்கள் சிக்கல்.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸைத் திறங்கள். இடது பக்கம் ‘சூஸ் வாட் குளோசிங் தி லிட் டஸ்’ என்றிருக்கும். அதில் ‘ஆன் பேட்டரி’, ‘பிளக்டு இன்’ இரண்டிலும் ‘டூ நத்திங்’ கொடுத்து ‘சேவ் சேஞ்சஸ்’ அழுத்துங்கள். பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் பவர் பகுதிக்குப் போய், ஸ்லீப் நேரம் இரண்டையும் ‘நெவர்’ ஆக்குங்கள். திரை அணையும் நேரத்தைத் தொட வேண்டாம். திரை அணைந்தாலும் டேலி ஓடும்.

ஒன்றை மட்டும் மாற்றாமல் விடுங்கள். பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் ‘கிரிட்டிகல் பேட்டரி ஆக்‌ஷன்’ என்று ஒன்று உண்டு. அது ‘ஹைபர்னேட்’ என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்து பட்டென்று அணைந்தால் டேலியின் டேட்டா கெட்டுப்போகலாம். ஹைபர்னேட் ஆனால் எல்லாம் டிஸ்கில் பத்திரமாக எழுதப்பட்டு நிற்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு சந்தேகம்: அந்தச் சார்ஜரையும் யூபிஎஸ்ஸில் மாட்டினால் என்ன? சாதாரண லேப்டாப் சார்ஜர் 45 அல்லது 65 வாட்தான். பழைய பேட்டரியை நம்புவதைவிட அது மேல். யூபிஎஸ் தாங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த செட்டிங் கடையை விட்டு நகராத லேப்டாப்புக்குத்தான் பொருந்தும். பையில் போட்டு எடுத்துப் போகிறவர்கள் இதை வைத்துக்கொண்டால், மூடிய லேப்டாப் பைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், சூட்டுக்குப் போக வழியிருக்காது. என்றைக்காவது வீட்டுக்கு எடுத்துப் போவதானால் ஸ்டார்ட் மெனுவில் ஷட்டவுன் கொடுத்த பிறகே பையில் வையுங்கள்.

இன்னொரு விஷயம், பலரும் கவனிக்காதது. மூடி சாத்தியிருப்பதை லேப்டாப் தெரிந்துகொள்வது பெரும்பாலும் காந்தத்தால். மூடியின் ஓரத்தில் குட்டிக் காந்தம் இருக்கும், கீழ்ப் பகுதியில் அதை உணரும் சென்சார் இருக்கும். அதனால்தான் காந்தப் பட்டன் வைத்த போன் கவரைக் கீபோர்டுக்குக் கீழே கை வைக்கும் இடத்தில் வைத்தால், திறந்திருக்கும் லேப்டாப்பும் திடீரென்று தூங்கிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக லேப்டாப்பை அடுக்கினாலும் இதே கூத்துதான். ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் மேசையைச் சுற்றி ஒருமுறை பாருங்கள்.

ஆப்பிள் மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு: சார்ஜர், வெளி மானிட்டர், தனிக் கீபோர்டு, மவுஸ் எல்லாம் இணைத்திருந்தால் மூடினாலும் அது ஓடும். செட்டிங் தேடி அலைய வேண்டியதில்லை. உபுண்டு போன்ற லினக்ஸில் லாகின்-டி அமைப்புக் கோப்பில் ‘ஹேண்டில் லிட் ஸ்விட்ச்’ என்ற வரியை ‘இக்னோர்’ ஆக்கி, ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

கெட்டுப்போகுமா என்று கேட்டீர்கள். மூடுவதால் மட்டும் கெடாது, சூடுதான் கெடுக்கும். பல மாடல்களில் வெப்பக் காற்று மூடியின் கீல் பக்கமாகத்தான் வெளியே வரும், சிலவற்றில் கீபோர்டு இடுக்கு வழியாகவும் சூடு தணியும். துணிக் கடையில் பஞ்சும் நூல் தூசியும் ஃபேனில் அடைத்துக்கொள்ளும் என்பதைச் சொல்லவே வேண்டாம். லேப்டாப்பின் மேல் பில் புக்கையோ துணியையோ வைக்காதீர்கள். அடியில் காற்று போக ஸ்டாண்ட் வையுங்கள், ஃபேனை அவ்வப்போது சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

நாள் முழுக்க 100 சதவீத சார்ஜில் சூட்டோடு கிடப்பதும் பேட்டரிக்கு ஆகாது. பல தயாரிப்பாளர்களின் சொந்தச் செயலியில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. உங்கள் மாடலில் இருந்தால் போட்டுவிடுங்கள். கரண்ட் போனால் நிற்கும் நேரம் சற்றுக் குறையும், பேட்டரியின் ஆயுள் கூடும்.

மூடியே வைப்பதில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. பேட்டரி உப்பினால் முதலில் டச்பேட் மேலெழும்பும், கீபோர்டு வளையும். மூடியிருந்தால் இது கண்ணில் படாது. வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். உப்பியிருந்தால் அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். உடனே ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியை மாற்ற சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள்.